பகல்நேரச் சத்திரசிகிச்சைக்கு முன் வாயால குடுக்கிற நோக்குளிசையள்: எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு?

வடலி (தாதிய உத்தியோகத்தர், பகல்நேரப் பிரிவு)

காலமை வந்து பின்னேரம் வீட்டை போற சத்திரசிகிச்சை ஆக்களுக்கு ஒரே ஒழுங்கு ஒண்டு எழுதவேணும். ஹேர்னியா (குடலிறக்கம்), ஹைட்ரோசீல் (விதைப்பையில தண்ணி சேருறது), மார்புக்கட்டி, மணிக்கட்டு நரம்பு விடுவிக்கிறது, ஞானப்பல்லு, சின்னப்பிள்ளையளின்ர முன்தோல் வெட்டு, இவ்வளவும் இதுக்குள்ள வரும். இப்ப நடக்கிறது ஆளுக்கொரு மாதிரி. ஒரு வைத்தியர் பனடோல் (பராசிற்றமோல்) ரெண்டு எழுதுவார். இன்னொருத்தர் டைக்ளோபெனாக். வேறொருத்தர் செலிகொக்சிப்போட நரம்பு நோக்குளிசை பிரிகபலின் 150 மி.கி. சிலருக்கு முன்னுக்கு ஒண்டுமே இல்லை, தியேட்டரில ஏத்துற பராசிற்றமோல் போத்தில் மட்டும்.

நான் கேக்கிறது இதுதான். வாயால குடுக்கிற மருந்துகளில எது எதைவிட உண்மையில நல்லது? எத்தனை மணித்தியாலம் முன்னுக்குக் குடுக்கவேணும்? ஆருக்குக் குடுக்கவே கூடாது? குளிசையின்ர பேரோட அளவையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கோ. தனி ஆக்களின்ர வருத்தத்துக்கு ஆலோசனை கேக்கிற இழை இல்லை இது.

வாடைக்காத்து (மயக்கமருந்து வைத்தியர்)

நல்ல கேள்வி சிஸ்டர். முதல்ல ஒப்பீட்டை எடுப்பம். 2015 இல வந்த கொக்ரேன் மேலோட்டம் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுற அமைப்பு கொக்ரேன்) சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரே ஒருக்கா வாயால குடுக்கிற மருந்துகளை எல்லாம் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தது. அளவுகோல் இது: போலிக்குளிசையால கிடைக்கிறதுக்கு மேலால, ஒராளுக்காவது நோ பாதியாகுறதுக்கு எத்தனை பேருக்கு அந்த மருந்தைக் குடுக்கவேணும்? எண் சின்னனாக சின்னனாக மருந்து நல்லது.

இபுப்ரோபன் 400 மி.கி. எண்டால் 2.5. பராசிற்றமோல் 1 கிராம் 3.6. டைக்ளோபெனாக் பொற்றாசியம் 50 மி.கி. கிட்டத்தட்ட 2.1. செலிகொக்சிப் 400 மி.கி. 2.6. எற்றோரிகொக்சிப் 120 மி.கி. 1.8. இபுப்ரோபன் 400ஐயும் பராசிற்றமோல் 1 கிராமையும் சேத்துக் குடுத்தால் 1.5. தனிக் கொடெயின் 60 மி.கி. 12. இந்தக் கடைசி எண்ணை ஒருக்கா நிண்டு பாருங்கோ. "பலமான மருந்து" எண்டு சனம் நம்பிற கொடெயின், ரெண்டு பனடோலுக்குக் கிட்டவும் வரேல்லை.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. இந்த ஆய்வுகளில முக்கால்வாசி ஞானப்பல் எடுத்த ஆக்களில செய்தது. அதோட நோ வந்த பிறகுதான் மருந்து குடுத்தவை. முன்னுக்குக் குடுத்தால் அதே எண் வரும் எண்டு எழுதக்கூடாது. ஆனா மருந்துகளின்ர வரிசை மாறுறதுக்குக் காரணம் எனக்குத் தெரியேல்லை. ஹேர்னியாவிலயும் சேர்த்துக் குடுக்கிறதுதான் தனிய குடுக்கிறதை வெல்லும்.

என்ர கருத்து: வளந்த ஆக்களுக்கு அடிப்படை பராசிற்றமோல் 1 கிராமும் இபுப்ரோபன் 400 மி.கி.யும், ரெண்டும் ஒண்டா, வெட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. மற்றதெல்லாம் இந்த ரெண்டில ஒண்டைக் குடுக்கேலாத ஆளுக்கான மாற்று.

கிளுவைவேலி (மருந்தாளர்)

வாடைக்காத்து டொக்டர் சொன்ன டைக்ளோபெனாக் எண்ணில ஒரு விசயத்தைக் கட்டாயம் சேர்க்கவேணும். அது பொற்றாசியம் உப்பு. இங்க விடுதியளில கூட இருக்கிறது டைக்ளோபெனாக் சோடியம், வெளியில குடற்பூச்சுப் போட்ட குளிசை. அந்தப் பூச்சு இரைப்பையில கரையாது, சிறுகுடலுக்குப் போனாத்தான் கரையும். வெறும் வயித்திலயே ரத்தத்தில உச்சத்துக்கு வர ரெண்டு மணித்தியாலம் அளவில செல்லும். சாப்பிட்டிருந்தால் இன்னும் பிந்தும். அரை மணித்தியாலத்துக்கு முன்னுக்கு அதைக் குடுத்துப்போட்டு "டைக்ளோபெனாக் குடுத்தும் நோகுது" எண்டால் பிழை மருந்தில இல்லை, குளிசை இன்னும் முழுசா வயித்துக்குள்ள கிடக்குது.

அந்தக் குளிசையை உடைச்சோ பொடியாக்கியோ குடுக்கவும் கூடாது. அப்பிடிச் செய்தால் பூச்சு போட்டதே வீண்.

ஒவ்வொண்டும் ஏறுற வேகம்: சாதாரண பராசிற்றமோல் 30 தொடக்கம் 60 நிமிசம். இபுப்ரோபன் ஒண்டு தொடக்கம் ரெண்டு மணித்தியாலம். எற்றோரிகொக்சிப் ஒரு மணித்தியாலம் அளவில. செலிகொக்சிப் மெதுவானது, மூண்டு மணித்தியாலம் வரைக்கும் எடுக்கும், அதால அதை ரெண்டு மணித்தியாலமாவது முன்னுக்குக் குடுக்கவேணும். தியேட்டர் வாசலில வைச்சுக் குடுக்கிற செலிகொக்சிப் வீட்டை போகேக்கதான் வேலைசெய்யும்.

பனங்கூடல் (சத்திரசிகிச்சை வைத்தியர்)

எனக்கு ரத்தக்கசிவுதான் கவலை. ஹைட்ரோசீலுக்குப் பிறகு விதைப்பையில ரத்தம் தேங்கினால் அந்த ஆள் பகல்நேரப் பிரிவில இருந்து நேர விடுதிக்குத்தான் போறார். இபுப்ரோபனும் டைக்ளோபெனாக்கும் ரத்தத்தை உறைய வைக்கிற குருதிச் சிறுதட்டுகளின்ர வேலையைக் குறைக்கும். ஏன் செலிகொக்சிப்பை எல்லாருக்கும் அடிப்படையா வைக்கேலாது? அது சிறுதட்டுகளைத் தொடாது. 400 மி.கி. ஒருக்கா, பிறகு 200 மி.கி. ரெண்டு நேரம்.

வாடைக்காத்து

சேர், நியாயமான கவலை. ஆனா அஸ்பிரினையும் இபுப்ரோபனையும் ஒரே தட்டில வைக்கவேண்டாம். அஸ்பிரின் சிறுதட்டை நிரந்தரமா முடக்கும், புதுசு உருவாக 7 தொடக்கம் 10 நாள் வேணும். இபுப்ரோபனின்ர தடை மீளக்கூடியது, மருந்து ரத்தத்தில இருக்கிற நேரத்துக்குத்தான், 24 மணித்தியாலத்துக்குள்ள சிறுதட்டு வழமைக்கு வந்திடும். ஒரு 400 மி.கி.க்குப் பிறகு ஹேர்னியாவிலயோ மார்புக்கட்டியிலயோ கசிவு கூடுது எண்டு தெளிவான சான்று இல்லை.

ஆனாலும் நீங்கள் சொல்ற இடங்களில, அதாவது விதைப்பை, கண்ணுக்குப் பின்பக்கம், தொண்டைச் சதை, ரத்தம் கசிஞ்சால் அமுக்க வழியில்லாத இடங்களில, செலிகொக்சிப்பை எடுக்கிறதில எனக்கு மறுப்பில்லை. அப்பிடியெண்டால் நேரத்தை மாத்தவேணும்: காலமை 8.30 வெட்டுக்கு 6.30க்கே குளிசை. வீட்டில இருந்தே விழுங்கிக்கொண்டு வரச்சொல்லி முதல்நாள் குடுத்துவிடலாம். சல்பா மருந்துக்கு ஒவ்வாமை எண்டு கிளினிக் கொப்பியில இருந்தால் செலிகொக்சிப் வேண்டாம், தயாரிப்பாளரின்ர தாளே அப்பிடித்தான் சொல்லுது. மாரடைப்பு, பாரிசவாதம், இதயத்துக்கு பைபாஸ் செய்த ஆக்களுக்கும் இல்லை.

எல்லாருக்கும் எண்டு வைக்கிறதை நான் ஏற்கேல்லை. இபுப்ரோபனை மருந்துக்கடை எங்கயும் எடுக்கலாம், வீட்டை போனபிறகு தொடருற மருந்தும் அதுவே எண்டால் ஆள் குழம்பமாட்டார்.

பனங்கூடல்

விதைப்பைக்கு செலிகொக்சிப், மற்றதுக்கு இபுப்ரோபன். இதுக்கு நான் சரி. ரத்தம் உறையாமல் இருக்க வார்பாரின் எடுக்கிற ஆளுக்கு ரெண்டும் இல்லை எண்டு எழுதிவிடுங்கோ.

வடலி

வெறும் வயித்தில இந்தக் குளிசையைக் குடுக்கக்கூடாது எண்டு வீட்டுக்காரர் எல்லாரும் சொல்லுவினம். சில மிஸ்மாரும் சொல்லுவினம். சத்திரசிகிச்சைக்கு வாற ஆள் ஆறு மணித்தியாலமாச் சாப்பிடேல்லை. என்ன செய்யிறது?

வாடைக்காத்து

ஒருதரம் குடுக்கிற இபுப்ரோபனை வெறும் வயித்தில குடுக்கலாம். வயித்துப்புண் வாறதுக்கு முதற்காரணம் குளிசை உள்ளுக்க தொடுறது இல்லை. மருந்து ரத்தத்துக்குப் போய், இரைப்பைச் சவ்வைக் காக்கிற பொருள் சுரக்கிறதைக் குறைக்கிறதாலதான் புண் வருது. அதாலதான் மலவாசலால வைக்கிற டைக்ளோபெனாக்கும், ஊசியும் கூட புண்ணாக்கும். சாப்பாடு குமட்டலையும் எரிவையும் குறைக்கும், புண்ணை மறிக்காது. புண் வரக்கூடிய ஆள் எண்டால், அதாவது 65க்கு மேல, முந்தி ரத்தவாந்தி, கறுப்பு மலம், ஸ்ரீரோயிட் எடுக்கிற ஆள், அவருக்குச் சோறு குடுக்கிறதில பாதுகாப்பில்லை. வயித்து அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் 20 மி.கி. சேர்க்கவேணும், அல்லது இந்த வகை மருந்தையே விடவேணும்.

தண்ணியைப் பற்றி: திண்மச் சாப்பாடும் பால் தேத்தண்ணியும் 6 மணித்தியாலம். வெறுந்தேத்தண்ணி, தண்ணி 2 மணித்தியாலம். குளிசை விழுங்கிற 30 தொடக்கம் 50 மி.லீ. தண்ணி, அதாவது சின்ன மருந்துக் கோப்பை ஒண்டு, எந்த நேரமும் குடுக்கலாம். "வாயைக் கட்டிக்கொண்டு வாங்கோ" எண்டு மட்டும் சொன்னால் ஆக்கள் முதல்நாள் இரவு 8 மணியோட தண்ணியையும் விட்டிடுவினம். பங்குனி சித்திரை வெக்கையில, பஸ்சில ரெண்டு மணித்தியாலம் வந்த ஆள், வறண்டுபோய் நிக்கேக்க இபுப்ரோபன் குடுத்தால் சிறுநீரகத்துக்குத்தான் அடி. "காலமை ஆறரைக்கு ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி குடியுங்கோ" எண்டு நேரம் சொல்லி எழுதிக் குடுங்கோ.

கிளுவைவேலி

சிறுநீரகம் எண்டதும் இதைச் சொல்லியே ஆகவேணும். கிரியற்றினின் (சிறுநீரகத்தின்ர வேலையைப் பாக்கிற ரத்தப் பரிசோதனை) எண்ணைப் பாத்து மட்டும் முடிவெடுக்கிறது பிழை. ஒரு உதாரணம் போடுறன். 74 வயது அம்மா, 42 கிலோ, கிரியற்றினின் 1.1. ஆய்வுகூடத் துண்டில அது வழமை எண்டுதான் இருக்கும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுது எண்டு கணக்கிடுற கொக்ரொவ்ற் சூத்திரத்தில போடுங்கோ: 140இல இருந்து 74ஐக் கழிச்சால் 66, அதை 42ஆல பெருக்கினால் 2772, அதை 72 தர 1.1, அதாவது 79.2ஆல பிரிச்சால் 35, பெண் எண்டதால 0.85ஆல பெருக்கினால் நிமிசத்துக்கு 30 மி.லீ.க்குச் சற்றுக் கீழ. அவவுக்கு இபுப்ரோபனும் இல்லை, செலிகொக்சிப்பும் இல்லை. செலிகொக்சிப் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு எண்டு நினைக்கிறது பரவலான பிழை. வயித்துக்கும் சிறுதட்டுக்கும்தான் அது மெல்லியது, சிறுநீரகத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் இருந்து வாற கமக்காரருக்கு இன்னும் கவனம். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் அந்தப் பக்கமும் இருக்கு, ஆரம்பத்தில ஒரு அறிகுறியும் காட்டாது. சீனி, பிறஷர் இல்லை எண்டு சொன்னாலும் கிரியற்றினின் பாக்காமல் குடுக்கவேண்டாம்.

பிறஷருக்கு லொசார்ற்றன் அல்லது எனலாபிரில், அதோட நீர்க்குளிசை, இதுக்கு மேல இபுப்ரோபன்: இந்த மூண்டும் ஒண்டாச் சேர்ந்தால் சிறுநீரக வடிகட்டல் மூண்டு பக்கத்தாலயும் விழும். கிளினிக் கொப்பியில முதல் ரெண்டையும் கண்டால் பராசிற்றமோலோட நிப்பாட்டி, மிச்சத்தை வைத்தியரிட்டைக் கேளுங்கோ.

பழம்பனை (மயக்கமருந்துப் பிரிவு)

பிரிகபலினை ஒருதரும் தொடேல்லை. பெரிய நகரங்களில பல இடத்தில 150 மி.கி. முன்னுக்குக் குடுக்கினம், ஓப்பியொயிட் (மோர்பின் வகை நோமருந்து) தேவை குறையுது எண்டு ஆய்வுகள் இருக்கு. மணிக்கட்டு நரம்பு, ஹேர்னியா மாதிரி நரம்பு சம்பந்தப்பட்டதுகளுக்கு அது நியாயம்தானே?

வாடைக்காத்து

குறையுது எண்டு ஆய்வு இருக்கிறது உண்மை. எவ்வளவு குறையுது எண்டுதான் கேக்கவேணும். 2020 இல 281 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த மதிப்பாய்வில, கபபென்ரினோ பிரிகபலினோ குடுத்தாக்களின்ர நோப்புள்ளி குறைஞ்சது, ஆனா ஆள் உணரக்கூடிய அளவுக்கு இல்லை. தலைச்சுத்தும் பார்வை மங்கலும் கூடினது. 2019 மார்கழியில அமெரிக்க மருந்து நிருவாகம் மூச்சு மந்தமாகும் எண்டு எச்சரிக்கை விட்டது, முக்கியமா வயசானவை, நுரையீரல் வருத்தக்காரர், ஓப்பியொயிட்டும் சேர்த்து எடுக்கிறவைக்கு.

விடுதியில இரவு நிக்கிற ஆளுக்கு அது ஒரு கணக்கு. பின்னேரம் நாலு மணிக்கு எழும்பி நடந்து, சலம் போய், முச்சக்கரவண்டியில ஏறி வீட்டை போகவேண்டிய ஆளுக்கு வேற கணக்கு. 70 வயது ஐயா பிரிகபலின் 150ஓட இரவு கிணத்தடிக்குப் போய் விழுந்தால் இடுப்பெலும்புதான். ஏற்கனவே நரம்பு நோவுக்காகத் தொடர்ந்து எடுக்கிற ஆள் எண்டால் வழமையான தன்ர அளவை அண்டைக்கும் எடுக்கட்டும். புதுசாத் தொடங்கவேண்டாம்.

பழம்பனை

வழமையா எடுக்கிற ஆள் நிப்பாட்டாமல் தொடரவேணும் எண்டதைத் தனி வரியா எழுதுங்கோ, அது அடிக்கடி தவறுது. மற்றதை ஏற்கிறன், வயசு குறைஞ்ச, நீண்டகால நோ இருக்கிற ஆளில மட்டும் என்ர யோசினை வேற.

முரசு (பல் வைத்தியர்)

ஞானப்பல்லுக்கு எங்கட பக்கத்துக் கணக்கைச் சொல்லுறன். 80,000இல ஒண்டு அட்ரினலின் சேர்த்த லிக்னோகேன் விறைப்பு ஊசி போட்டால் உதடும் நாக்கும் 3 தொடக்கம் 5 மணித்தியாலம் விறைச்சிருக்கும். ஆனா பல்லடியில விறைப்பு அதுக்கு முந்தியே விடும். அதால "உதடு விறைப்பு விட்ட பிறகு குளிசை போடுங்கோ" எண்டு சொல்லுறது பிந்தின ஆலோசனை. எலும்பு அறுத்த பல்லு எண்டால் இபுப்ரோபன் 400, பராசிற்றமோல் 1 கிராம், வேலைக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. அடுத்த பராசிற்றமோல் விறைப்பைப் பாத்துக்கொண்டிராமல், முதல் குளிசையில இருந்து 6 மணித்தியாலத்தில.

மெபனமிக் அசிட்டை ஆக்கள் "பல்லு நோக்குளிசை" எண்டே கேட்டு வாங்குவினம். 500 மி.கி.க்கு கொக்ரேன் எண் 4 அளவில, அதாவது இபுப்ரோபனைவிடப் பயன் குறைவு. அதுவும் அதே வகைதான். ஆள் இபுப்ரோபன் எடுத்துக்கொண்டு நோகுது எண்டு மெபனமிக்கும் போட்டால் பயன் கூடாது, புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும். துண்டில பேர் சொல்லி எழுதுங்கோ: இபுப்ரோபன், டைக்ளோபெனாக், மெபனமிக், செலிகொக்சிப், எற்றோரிகொக்சிப் இதில ஏதாவது ஒண்டுதான், ரெண்டு இல்லை.

எற்றோரிகொக்சிப் நல்ல மருந்து, ஒரு நாளைக்கு ஒருக்காப் போதும். பல் வேலைக்கு அனுமதிச்ச அளவு 90 மி.கி., மூண்டு நாளுக்கு மேல இல்லை. பிறஷர் 140/90க்குள்ள நிக்காத ஆளுக்குக் குடுக்கக்கூடாது. கதிரையில இருந்து பயத்தில பிறஷர் ஏறின ஆளை அஞ்சு நிமிசம் விட்டுத் திருப்பிப் பாத்திட்டு முடிவெடுங்கோ.

வடலி

டைக்ளோபெனாக் மலவாசல் மருந்தை மயக்கத்தில வைச்சு விடுறது இங்க வழமை. அதோட வீட்டை போகேக்க டைக்ளோபெனாக் குளிசையும் குடுபடுது. இதுக்கு என்ன கணக்கு?

கிளுவைவேலி

இந்தப் பிழை அடிக்கடி நடக்குது, விரிவாச் சொல்லுறன். டைக்ளோபெனாக் 24 மணித்தியாலத்துக்கு 150 மி.கி. உச்சம், எந்த வழியால போனாலும் ஒரே கணக்கு. காலமை 9 மணிக்கு தியேட்டரில 100 மி.கி. வைச்சாச்சு. ஆள் மத்தியானம் விடுதிக்கு வாறார். துண்டில "50 மி.கி. மூண்டு வேளை" எண்டு இருக்கு. மத்தியானம் ஒண்டு, இரவு ஒண்டு, விடியப்புறம் ஒண்டு போட்டால் அடுத்தநாள் காலமை 9க்குள்ள 250 மி.கி. போயிருக்கும். முதல் நாள் மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு 50 மி.கி., அதுவும் இரவுக்கு.

இதில இன்னொரு இடைவெளியும் இருக்கு. தியேட்டரில வைச்சது மயக்கமருந்துத் தாளில இருக்கும், பி.எச்.ரி.யில (விடுதியில வைக்கிற ஆளின்ர கட்டில்தலைத் துண்டு) இருக்காது. விடுதித் தாதி பி.எச்.ரி.யைத்தான் பாப்பா. பராசிற்றமோலுக்கும் இதே கதைதான், ஆனா எதிர்ப்பக்கம்: விடுதியில 7 மணிக்கு 1 கிராம் குடுத்தது தியேட்டருக்குத் தெரியாது, 8.30க்கு போத்திலில இன்னொரு கிராம் ஏறிடும். ஒண்டரை மணித்தியாலத்தில 2 கிராம். 65 கிலோ ஆளுக்கு ஒருதரம் எண்டால் பெரும்பாலும் தப்பும், 40 கிலோ அம்மாவுக்குத் தப்பும் எண்டு சொல்லேலாது. தியேட்டர் சரிபார்ப்புத் தாளில ஒவ்வாமை கேக்கிற வரிக்குக் கீழ "கடைசி நோமருந்து: பேர், அளவு, நேரம்" எண்டு ஒரு வரி சேருங்கோ. சிவப்புப் பேனையால எழுதினால் இன்னும் நல்லது.

வாடைக்காத்து

அந்த வரியை நானும் கேக்கிறன். ஏத்துற போத்தில் பற்றியும் ஒண்டு. வாயால விழுங்கக்கூடிய ஆளுக்கு, ஒரு மணித்தியாலம் முன்னுக்குக் குடுக்க நேரம் இருந்தால், போத்திலால கிடைக்கிற மேலதிக நன்மை மிகக் குறைவு. விலையோ ரெண்டு குளிசையைவிடப் பல மடங்கு. போத்தில் சத்தி எடுக்கிற ஆளுக்கும் வாயால விழுங்கேலாத ஆளுக்கும் இருக்கட்டும்.

நிறையைப் பாத்து அளவு: 50 கிலோவுக்கு மேல 1 கிராம், அதாவது 500 மி.கி. குளிசை ரெண்டு. 50க்குக் கீழ கிலோவுக்கு 15 மி.கி. 48 கிலோ எண்டால் 720, ஒண்டரைக் குளிசை போதும். ஈரல் வருத்தம், தினமும் சாராயம், எலும்பும் தோலுமான ஆள் எண்டால் நாளைக்கு 2 தொடக்கம் 3 கிராமோட நிப்பாட்டுங்கோ.

"வெட்டுக்கு முன்னுக்குக் குடுத்தால் நரம்பு நோவைப் பழகாது, அதால பிறகு நோகாது" எண்டு ஒரு நம்பிக்கை இருக்கு. 1980களில எலிகளில கண்ட முள்ளந்தண்டு நரம்பு உணர்திறன் ஆய்வுகளில இருந்து வந்த நல்ல எண்ணம் அது. மனுசரில 2002 இல மொய்னிக்கே, கேலெற், டால் மூண்டுபேரும் செய்த மதிப்பாய்வில, அதே மருந்தை வெட்டுக்கு முன்னுக்குக் குடுத்தாலும் பின்னுக்குக் குடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியேல்லை. அப்ப ஏன் முன்னுக்குக் குடுக்கிறம்? ஆள் முழிக்கேக்க மருந்து ஏற்கனவே ரத்தத்தில நிக்கவேணும் எண்டதுக்கு. அவ்வளவுதான். இதை விளங்கிக்கொண்டால் அடுத்த விசயம் தானா விளங்கும்: முதல் குளிசையைவிட ரெண்டாவது, மூண்டாவது குளிசை எத்தனை மணிக்குப் போகுது எண்டது முக்கியம்.

பட்டியலில கடைசி ஆளையும் யோசியுங்கோ. எல்லாருக்கும் காலமை 7க்கு ஒண்டாக் குடுத்துவிடுறது வசதிதான். ஆனா நாலாவது ஆளை மத்தியானம் 1 மணிக்குத்தான் எடுப்பம். பராசிற்றமோலின்ர அரைவாழ்வு ரெண்டு தொடக்கம் மூண்டு மணித்தியாலம், வெட்டு விழேக்க அது முடியுற நேரம். குளிசையைப் பட்டியல் வரிசைப்படி, முந்தின ஆள் தியேட்டருக்குள்ள போகேக்க அடுத்த ஆளுக்குக் குடுங்கோ.

ஆடிக்கூழ் (சிறுவர் விடுதித் தாதி)

பிள்ளையளுக்கு நான் எழுதுறன். பராசிற்றமோல் பாணி கிலோவுக்கு 15 மி.கி. 12 கிலோப் பிள்ளைக்கு 180 மி.கி. 5 மி.லீ.க்கு 120 மி.கி. இருக்கிற பாணி எண்டால் 7.5 மி.லீ. இதே 7.5 மி.லீ.யை 250 மி.கி. பாணியில ஊத்தினால் 375 மி.கி., ரெண்டு மடங்குக்கு மேல. போத்திலை வெளிச்சத்தில பிடிச்சு எண்ணை வாசிச்சிட்டுத்தான் ஊத்தவேணும். தாய்மாருக்குத் தேக்கரண்டிக் கணக்குச் சொல்லவேண்டாம், ஊசி போடாத சிறிஞ்சில கோடு கீறிக் குடுங்கோ.

இபுப்ரோபன் கிலோவுக்கு 10 மி.கி., 5 மி.லீ.க்கு 100 மி.கி. பாணியில 12 கிலோப் பிள்ளைக்கு 6 மி.லீ. மூண்டு மாதத்துக்குக் கீழ இல்லை. தொய்வு இருக்கிற பிள்ளை முந்தி இபுப்ரோபன் குடிச்சு ஒண்டும் ஆகேல்லை எண்டால் குடுக்கலாம். அதைக் குடிச்சு இழுப்பு வந்திருந்தால் குடுக்கக்கூடாது. வளந்த ஆக்களில மூக்குச்சதையும் தொய்வும் சேர்ந்து இருந்தால் இன்னும் கவனம்.

கொடெயின் 12 வயதுக்குக் கீழ எந்தக் காரணத்துக்கும் இல்லை. தொண்டைச்சதை எடுத்த பிள்ளையளுக்கு 18 வரைக்கும் இல்லை. சில உடம்பு கொடெயினைக் கடகடவெண்டு மோர்பினா மாத்தும், பிள்ளை நித்திரையிலயே மூச்சு விடாமல் போகலாம். ரமடோலும் அதே வழியால மாறுறதுதான்.

பிள்ளை குளிசையையோ பாணியையோ சத்தி எடுத்தால்: குடுத்த உடன, 15 நிமிசத்துக்குள்ள எண்டால் திருப்பிக் குடுக்கலாம். ஒரு மணித்தியாலம் கழிச்சு எண்டால் திருப்பிக் குடுக்கக்கூடாது. இடையில எண்டால் வைத்தியரைக் கேளுங்கோ, ஊகிச்சுக் குடுக்கவேண்டாம்.

வடலி

பெரியாக்களுக்கு ரமடோல்? சிலர் முன்னுக்கே 100 மி.கி. குடுக்கினம்.

வாடைக்காத்து

முன்னுக்கு வேண்டாம். 100 மி.கி. ரமடோலின்ர எண் 4.8, அதாவது ரெண்டு பனடோலைவிடப் பயன் குறைவு, அதோட சத்தியும் தலைச்சுத்தும். பகல்நேரப் பிரிவில ஆளை இரவு மறிச்சு வைக்கிற முக்கியமான காரணங்கள் ரெண்டு: நோவும் சத்தியும். ஒண்டைக் குறைக்கப்போய் மற்றதைக் கூட்டக்கூடாது. வலிப்பு இருக்கிற ஆள், புளுஒக்செற்றின், சேற்றலின் மாதிரி மனச்சோர்வுக் குளிசை எடுக்கிற ஆளுக்கு எந்த நேரமும் இல்லை. மற்றவைக்கு, அடிப்படை ரெண்டும் ஒழுங்காப் போட்டும் நித்திரை கொள்ளேலாமல் நோகுது எண்டால் எடுக்கிறதுக்கு 50 மி.கி. குளிசை நாலு குடுத்துவிடலாம்.

பனங்கூடல்

நான் வெட்டு மூடேக்க பியூபிவகேன் விறைப்பு ஊசி போடுறன். அது 4 தொடக்கம் 8 மணித்தியாலம் தாங்கும். அந்த நேரம் ஆள் "எனக்கு நோவே இல்லை, குளிசை எதுக்கு" எண்டு வீட்டை போய்ப் படுத்திடுவார். இரவு பத்து மணிக்கு விறைப்பு விடும். அப்பதான் தொலைபேசி அடிக்கும். எந்தக் குளிசை எண்ட விவாதத்தைவிட இதுதான் எங்களிட்டை அடிக்கடி பிழைக்கிற இடம்.

வடலி

சரி, வீட்டுத்துண்டுக்கு இப்பிடி எழுதியிருக்கிறன், பாத்துத் திருத்துங்கோ.

"நோகாவிட்டாலும் முதல் ரெண்டு நாளும் நேரத்துக்குக் குளிசை எடுக்கவும். பராசிற்றமோல் 2 குளிசை: காலை 7, பகல் 1, பின்னேரம் 7, இரவு 11. இபுப்ரோபன் 400 மி.கி. 1 குளிசை: காலை, பகல், இரவு சாப்பாட்டுடன். மூன்றாம் நாளிலிருந்து நோ இருந்தால் மட்டும். பனடோலும் பராசிற்றமோலும் ஒரே மருந்து, இரண்டையும் சேர்த்து எடுக்கவேண்டாம். தடிமன் குளிசையிலும் பராசிற்றமோல் உண்டு."

கிளுவைவேலி

நல்லா இருக்கு வடலி. மூண்டு வரி சேருங்கோ. ஒண்டு, "இண்டைக்கு வைத்தியசாலையில் கடைசியாக எடுத்தது: ......... மணி" எண்டு வெறுங்கோடு விட்டு, கையால நிரப்பி அனுப்புங்கோ. அது இல்லாட்டி 7, 1, 7 எல்லாம் பிசகும். ரெண்டு, இதயத்துக்குச் சின்ன அஸ்பிரின் எடுக்கிற ஆள் எண்டால் சாதாரண (குடற்பூச்சில்லாத) அஸ்பிரினை முதல்ல போட்டு, இபுப்ரோபனை ஆகக் குறைஞ்சது 30 நிமிசம் கழிச்சு. மாறிப்போட்டால் இபுப்ரோபன் அஸ்பிரினின்ர இடத்தைப் பிடிச்சுக்கொண்டு அதை வேலைசெய்ய விடாது. அப்பிடியான ஆளுக்குப் பராசிற்றமோல் மட்டும் போதுமெண்டால் இன்னும் நல்லது.

மூண்டு, காய்ச்சல். கார்த்திகையில இருந்து தை வரைக்கும் இங்க டெங்கு கூடுற காலம். வெட்டின ஆளுக்கு வீட்டில காய்ச்சல் வந்தால் அது புண்ணாலயா டெங்குவாலயா எண்டு துண்டு பாத்துச் சொல்லேலாது. "காய்ச்சல் வந்தால் இபுப்ரோபனை உடனே நிறுத்தி, பராசிற்றமோல் மட்டும் எடுத்து, ரத்தப் பரிசோதனைக்கு வரவும்" எண்டு தடிச்ச எழுத்தில போடுங்கோ.

ஆடிக்கூழ்

பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கு இபுப்ரோபன் இல்லை எண்டதையும் போடுங்கோ. 20 கிழமைக்குப் பிறகு கட்டாயம் இல்லை. பால் குடுக்கிற தாய்க்கு இபுப்ரோபனும் பராசிற்றமோலும் பிரச்சினை இல்லை, கொடெயின்தான் கூடாது.

பனங்கூடல்

தீவுப்பகுதி ஆக்களுக்கு ஒண்டு. நெடுந்தீவுக்குப் போறவர் குறிகட்டுவானில பின்னேரப் படகைப் பிடிக்கவேணும், படகில ஒரு மணித்தியாலம். அவருக்குத் துண்டை மட்டும் குடுத்தால் குளிசை வாங்கிற நேரம் இல்லை. ரெண்டு நாள் குளிசையையும் எண்ணிக் கையில குடுங்கோ: பராசிற்றமோல் 16, இபுப்ரோபன் 6. அவரைப் பட்டியலில முதலாவதா வைக்கிறதை நான் பாக்கிறன்.

வடலி

அப்ப அவருக்கு முதல் குளிசை காலமை 7.30, வெட்டு 8.30. ரெண்டாவது பராசிற்றமோலை 1.30க்கு நாங்களே குடுத்துத்தான் அனுப்புவம், துண்டில "1.30" எண்டு நிரப்பி. அடுத்தது வீட்டில இரவு 7.30. இபுப்ரோபன் பகல் சாப்பாட்டோட இங்கயே. அப்ப கையில குடுக்கிறது 16 இல்லை, அண்டைக்கு மிச்சம் ரெண்டு வேளைக்கு 4, அடுத்தநாளுக்கு 8, மொத்தம் 12. இபுப்ரோபன் இரவு 1, அடுத்தநாள் 3, மொத்தம் 4. திருத்தின துண்டை நாளைக்கு இங்க போடுறன்.